சின்ன ஆர்ம் நாஸ் பெட்டியில் லினக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றோ இரண்டோ டிஸ்க்கைப் போட்டு, ரவுட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறோமே, அந்தச் சின்ன நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிகளைப் பற்றியது இந்தப் பக்கம். நாஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உள்ளே ஆர்ம் பிராசசர் இருக்கும். மானிட்டரும் கீபோர்டும் கிடையாது. தயாரித்தவர் கொடுத்த ஃபர்ம்வேரை (பெட்டியோடு வரும் மென்பொருளை) எடுத்துவிட்டு டெபியன் போன்ற முழு லினக்ஸை அதில் ஏற்றலாமா, ஏற்றினால் என்னென்ன தலைவலி வரும் என்று என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பாதிக்கு மேல் கஷ்டம், பெட்டிக்குக் கரன்ட் வந்த முதல் சில விநாடிகளில்தான் இருக்கிறது. கர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, எங்கிருந்து, எந்த வடிவில், யார் கையால் ஏறுகிறது என்பது பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் வழக்கமான லினக்ஸ்தான். அதனால் பூட் ஆவது பற்றிய பதில்கள் நீளமாக இருக்கும், மற்றவை குட்டை.

பெட்டியில் ஏற்கெனவே லினக்ஸ்தானே ஓடுகிறது? எதற்கு இன்னொன்று?

ஓடுவது லினக்ஸ்தான். ஒரு கர்னல், அடிப்படைக் கட்டளைகளுக்குப் பிசிபாக்ஸ், விண்டோஸோடு கோப்புகளைப் பகிரச் சாம்பா, அதற்கு மேல் ஒரு வெப் பக்கம். ஆனால் அது விற்பனைக்கு வந்த காலத்தோடு உறைந்துபோன லினக்ஸ். சில வருடம் அப்டேட் வரும், அப்புறம் நின்றுவிடும். பெட்டி மட்டும் சளைக்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இது இரண்டு இடத்தில் இடிக்கும். பழைய ஃபர்ம்வேரில் உள்ள சாம்பாவுக்கு எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை மட்டுமே தெரியும். 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 தானாக நிறுவப்படுவதில்லை. சாம்பாவும் 2019-இல் 4.11 பதிப்பில் அதை மூடி வைத்துவிட்டது. "பழைய லேப்டாப்பில் தெரிந்த டிரைவ் புதியதில் தெரியவில்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொன்று பாதுகாப்பு. டி-லிங்கின் டிஎன்எஸ்-320எல், டிஎன்எஸ்-325 உள்ளிட்ட சில மாடல்களின் ஃபர்ம்வேருக்குள் கடவுச்சொல்லே இல்லாத ஒரு கணக்கு இருப்பதும், அதன் வழியாக வெளியாள் கட்டளைகளை ஓட்ட முடியும் என்பதும் 2024 ஏப்ரலில் பரவலாகத் தெரியவந்தது. இவை காலம் முடிந்த மாடல்கள், திருத்தம் வராது, வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. ஆனால் அதே டிஎன்எஸ்-325-க்கு லினக்ஸ் கர்னலின் மூலக் கோடில் தனியாக ஒரு டிவைஸ் ட்ரீ கோப்பு (பெட்டியின் வன்பொருள் விவரம்) இருக்கிறது. கடை கைவிட்ட பெட்டியைக் கர்னல் கைவிடவில்லை. இந்தப் பக்கத்துக்கே அதுதான் காரணம்.

எந்தப் பெட்டி ஒத்துவரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முன்பக்கத்தில் உள்ள பிராண்டை மறந்துவிட்டு உள்ளே இருக்கும் சிப்பைப் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த மாடல்களில்கூடச் சிப் முற்றிலும் வேறாக இருக்கும். ஏன், எல்லாச் சின்னப் பெட்டியும் ஆர்ம்கூட இல்லை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பவர்பிசி; சைனாலஜியின் பல மாடல்கள் இன்டெல்.

ஆர்ம் பக்கம் வந்தால், மார்வெலின் கிர்க்வுட் சிப்தான் பழைய பெட்டிகளில் ராஜா. க்யூநாப் டிஎஸ்-119, டிஎஸ்-219, சைனாலஜி டிஎஸ்211ஜே, 2009-இல் வந்த ஷீவாபிளக் என்று நிறைய இடத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஓரியன் சிப்பும் ஓடும், கொஞ்சம் நொண்டும். அதே குடும்பத்தில் அடுத்து வந்த ஆர்மடா 370 (சைனாலஜி டிஎஸ்213ஜே, நெட்கியர் ரெடிநாஸ் 102), ஆர்மடா 38எக்ஸ் இரண்டுக்கும் கர்னல் ஆதரவு நன்றாகவே உண்டு.

தள்ளி நிற்க வேண்டியவையும் இருக்கின்றன. ரியல்டெக் ஆர்டிடி1296, அன்னபூர்ணா லேப்ஸின் ஆல்பைன் சிப்கள் காகிதத்தில் வேகமானவை. ஆனால் மெயின்லைன் எனப்படும் அதிகாரப்பூர்வக் கர்னலில் அவற்றுக்கான ஆதரவு அரைகுறை. கர்னல் ஏறும், நெட்வொர்க் வராது. நெட்வொர்க் வராத நாஸ் பெட்டியை வைத்து என்ன செய்வது?

என் சோதனை எளிது. கர்னல் மூலக் கோடில் ஆர்ம் பகுதிக்குள் இருக்கும், டிவைஸ் ட்ரீக்கான டிடிஎஸ் அடைவுகளில் உங்கள் மாடலின் பெயரிலேயே ஒரு கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் யாரோ ஒருவர் அந்தப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு எல்இடியும் சிப்பின் எந்தக் காலில் தொங்குகிறது என்று கண்டுபிடித்து எழுதிவைத்திருக்கிறார் என்று பொருள். இல்லையென்றால் அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டியிருக்கும்.

ஆர்ம்இஎல், ஆர்ம்எச்எஃப், ஆர்ம்64: இதில் என் பெட்டிக்கு எது?

டெபியன் ஆர்முக்கு மூன்று தனித்தனிப் பதிப்புகளை வைத்திருக்கிறது. கிர்க்வுட், ஓரியன் போன்ற ஆர்ம்வி5 சிப்களுக்கு ஆர்ம்இஎல். ஆர்மடா போன்ற, தசமக் கணக்குக்கான வன்பொருள் உள்ள ஆர்ம்வி7 சிப்களுக்கு ஆர்ம்எச்எஃப். 64 பிட் சிப்களுக்கு ஆர்ம்64. ஆர்ம்எச்எஃப் நிரலைக் கிர்க்வுட்டில் ஓட்டப் பார்த்தால் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று செத்துவிழும். வேறு சேதம் இல்லை. சந்தேகம் இருந்தால் இப்போது ஓடும் ஃபர்ம்வேரில் எஸ்எஸ்எச் அல்லது டெல்நெட்டில் (வேறு கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் வழிகள்) நுழைந்து, ப்ராக் அடைவில் உள்ள சிபியுஇன்ஃபோ கோப்பைப் படியுங்கள்.

கசப்பான செய்தி ஒன்று. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 தான் ஆர்ம்இஎல்லுக்குக் கடைசி. அதற்கே இன்ஸ்டாலர் கிடையாது, முந்தைய பதிப்பிலிருந்து மேலேற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆகவே கையில் இருக்கும் கிர்க்வுட் பெட்டியை ஓட்டுங்கள், தவறில்லை. இந்த வேலைக்கென்றே புதிதாக ஒன்றைத் தேடி வாங்காதீர்கள்.

இந்தப் பழக்கத்தை யார் தொடங்கினார்கள்?

ஒரு ஆள் என்று சொல்ல முடியாது, ஒரு பெட்டி என்று சொல்லலாம். 2004-இல் வந்த லின்க்சிஸ் என்எஸ்எல்யு2. உள்ளங்கை அளவு, டிஸ்க்குக்கு இடம் கிடையாது, இரண்டு யுஎஸ்பி துளைகள் மட்டும். 32 எம்பி ரேம், 8 எம்பி ஃபிளாஷ் (ஃபர்ம்வேர் இருக்கும் நிரந்தர நினைவகம்). உள்ளே இருந்த இன்டெல் எக்ஸ்ஸ்கேல் சிப் 266 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடியது, ஆனால் முதலில் வந்தவற்றைப் பாதி வேகத்துக்குக் கட்டிப்போட்டிருந்தார்கள். போர்டில் ஒரு ரெசிஸ்டரைப் பிடுங்கினால் முழு வேகம் வந்துவிடும் என்று கண்டுபிடித்தவர்கள் அடைந்த சந்தோஷம் இருக்கிறதே! "ஸ்லக்" என்று செல்லப்பெயர் வைத்தார்கள், ஓடில்லாத நத்தை என்று பொருள். 2007-இல் வந்த டெபியன் 4.0-இன் இன்ஸ்டாலர் அதில் நேரடியாக ஓடியது. இன்று 32 எம்பியில் மென்பொருள் பட்டியலைப் புதுப்பிப்பதே பெரும்பாடு. அதை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம்.

பிசியில் ஒரே ஐஎஸ்ஓ எல்லாவற்றிலும் பூட் ஆகிறது. இங்கே மட்டும் ஏன் மாடலுக்கு ஒரு கதை?

பிசியில் பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ என்று ஒரு பொதுவான அடித்தளம் இருக்கிறது. என்னென்ன கருவிகள் எங்கே இருக்கின்றன என்று அது கர்னலுக்குச் சொல்லிவிடும். பிசிஐ கருவிகள் தாங்களே அறிமுகம் செய்துகொள்ளும். சின்ன ஆர்ம் பெட்டியில் அப்படி யாரும் இல்லை. நெட்வொர்க் சிப் எந்த முகவரியில் இருக்கிறது, ஃபேன் எந்தக் காலில் இருக்கிறது என்பதை யாராவது முன்கூட்டியே கர்னலுக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு போர்டுக்கும் சி மொழியில் ஒரு கோப்பு எழுதிக் கர்னலுக்குள்ளேயே திணித்தார்கள். அந்தக் குவியலைப் பார்த்து 2011-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே எரிந்து விழுந்தார். அதன் பிறகு ஆர்ம் உலகம் டிவைஸ் ட்ரீ முறைக்கு நகர்ந்தது. போர்டின் விவரம் தனிக் கோப்பில் இருக்கும், கர்னல் பொதுவாக இருக்கும். நல்ல ஏற்பாடு.

ஆனால் 2009-இல் விற்ற பெட்டியின் பூட்லோடருக்கு, அதாவது கர்னலை ஏற்றும் சின்ன நிரலுக்கு, டிவைஸ் ட்ரீ என்றால் என்னவென்றே தெரியாது. பெரும்பாலும் யு-பூட், அதுவும் தயாரிப்பாளர் தன் வசதிக்கு வெட்டி ஒட்டிய பழைய பதிப்பு. அதனால் ஒரு தந்திரம் செய்வோம். கர்னல் கோப்பின் வாலிலேயே டிவைஸ் ட்ரீயை ஒட்டி, யு-பூட் எதிர்பார்க்கும் 64 பைட் தலைப்பை முன்னால் வைத்துவிட்டால், அது வழக்கமான கர்னல் என்று நினைத்து ஏற்றிவிடும். டெபியனில் ஃபிளாஷ்-கர்னல் என்ற தொகுப்பு, ஒவ்வொரு கர்னல் அப்டேட்டின்போதும் இதைத் தானாகவே செய்யும். கையால் செய்து பழகியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கர்னல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். எனக்குப் பிடித்தது பஃபலோ லிங்க்ஸ்டேஷன் வழி: ஓரியன், கிர்க்வுட் மாடல்களில் கர்னலும் இனிட்ஆர்டியும் (பூட் ஆகும்போது கர்னலுக்கு உதவும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷனில் சாதாரணக் கோப்புகளாகவே கிடக்கும். டிஸ்க்கைக் கழற்றிப் பிசியில் மாட்டிக் கோப்பை மாற்றினால் போதும், ஃபிளாஷைத் தொடவே வேண்டாம். தப்பாகிவிட்டால் பழைய கோப்பைத் திரும்பப் போடலாம். மற்ற பல பெட்டிகளில் கர்னல் ஃபிளாஷுக்குள் இருக்கும். அங்கே கை நடுங்கத்தான் செய்யும்.

டி-லிங்க் டிஎன்எஸ்-323-இல் இன்னொரு வேடிக்கை. முதல் டிஸ்க்கின் மேல்மட்டத்தில் ஃபன்-பிளக் என்ற பெயரில் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தால் பழைய ஃபர்ம்வேரே அதை ஓட்டிவிடும். எதையும் அழிக்காமல் உள்ளே நுழைந்து பார்க்க அதைவிட எளிய கதவு எனக்குத் தெரிந்து வேறு எந்தப் பெட்டியிலும் இல்லை.

சீரியல் கன்சோல் கட்டாயமா?

பெட்டி எழும்போது சொல்வதையெல்லாம் கேபிள் வழியாக இன்னொரு கணினியில் வரிவரியாகக் காட்டுவதுதான் சீரியல் கன்சோல். கட்டாயம் இல்லை என்று பல வழிகாட்டிகள் சொல்லும். நான் கட்டாயம் என்பேன். பெட்டி பூட் ஆகாமல் நின்றால், எங்கே நின்றது என்று பார்க்க அது ஒன்றுதான் ஜன்னல். அது இல்லாமல் வேலை செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது மாதிரி.

போர்டில் நான்கு ஊசி உள்ள ஒரு சின்ன ஹெடர் இருக்கும், அல்லது ஊசி பற்ற வைக்காத நான்கு துளைகள். 3.3 வோல்ட் யுஎஸ்பி-சீரியல் கேபிள் ஒன்று வேண்டும். பழைய பிசியின் ஒன்பது ஊசி சீரியல் போர்ட்டை நேரடியாக மாட்டிவிடாதீர்கள். அதன் மின்னழுத்தம் சிப்பைக் கொன்றுவிடும். கிரவுண்டைக் கிரவுண்டோடும், ஒன்றின் அனுப்பும் காலை மற்றதன் பெறும் காலோடும் இணைக்க வேண்டும். வேகம் பெரும்பாலும் 115200. நான்காவது ஊசியான மின்சாரத்தை இணைக்கவே கூடாது. ஒருமுறை அவசரத்தில் அதையும் மாட்டிவிட்டேன். அடாப்டரைப் பிடுங்கிய பிறகும் பெட்டியில் எல்இடி மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. பேய் பிடித்துவிட்டதோ என்று ஒரு மணி நேரம் தேடினேன். யுஎஸ்பி கேபிள்தான் பெட்டிக்குக் கரன்ட் ஊட்டிக்கொண்டிருந்தது.

தொடங்கும் முன் எதையெல்லாம் நகலெடுக்க வேண்டும்?

டிஸ்க்கில் உள்ள தரவு, அது சொல்லாமலே தெரியும். பலர் விட்டுவிடுவது ஃபிளாஷை. ப்ராக் அடைவில் எம்டிடி என்ற கோப்பைப் படித்தால் ஃபிளாஷின் பார்ட்டிஷன் பட்டியல் வரும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக எடுத்து வேறு கணினிக்கு அனுப்புங்கள். நாண்ட் வகை ஃபிளாஷ் என்றால் சும்மா நகலெடுத்தால் போதாது. அதில் கெட்ட பிளாக்குகள் இருக்கும் என்பதால் நாண்ட்டம்ப் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அப்புறம் யு-பூட் மாறிகளின் முழுப் பட்டியல். சீரியல் கன்சோலில் யு-பூட்டை இடைமறித்துப் பிரிண்ட்என்வ் என்று அடித்தால் திரையில் கொட்டும். அப்படியே கோப்பாகச் சேமியுங்கள். பெட்டியின் மேக் முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அது அழிந்தால் நெட்வொர்க்கில் பெட்டி வேறு முகத்தோடு வந்து நிற்கும்.

மானிட்டர் இல்லாமல் எப்படி நிறுவுவது?

டெபியன் இதற்கு அழகான ஒரு வழி வைத்திருந்தது. க்யூநாப், என்எஸ்எல்யு2 போன்றவற்றுக்கான இன்ஸ்டாலர் பூட் ஆனதும் நெட்வொர்க்கை எழுப்பி எஸ்எஸ்எச் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். நீங்கள் வேறு கணினியிலிருந்து இன்ஸ்டாலர் என்ற பெயரில் நுழைந்து, வழக்கமான நீலத் திரைக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும்.

இன்ஸ்டாலர் இல்லாத பெட்டி என்றால், பிசியில் டிஸ்க்கை மாட்டி டிபூட்ஸ்ட்ராப் கருவியைக் கொண்டு ரூட் ஃபைல் சிஸ்டத்தை (டெபியனின் அடிப்படைக் கோப்புகளை) உருவாக்கிவிட்டு, டிஸ்க்கைப் பெட்டிக்கு மாற்றலாம். முதல் சோதனைக்கு யு-பூட்டில் டிஎஃப்டிபி (நெட்வொர்க்கிலிருந்து கோப்பை இழுக்கும் எளிய முறை) வழியாகக் கர்னலை ரேமில் மட்டும் ஏற்றிப் பாருங்கள். ஃபிளாஷில் ஒரு பைட்கூட எழுதாமல், ஓடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஓடவில்லையா, கரன்ட்டைப் பிடுங்கி மாட்டினால் பழையபடி. நான் பத்து முறையாவது இப்படி ஓட்டிப் பார்க்காமல் எதையும் நிரந்தரமாக எழுதுவதில்லை.

கர்னல் ஃபிளாஷில் அடங்கவில்லை என்கிறதே?

கிர்க்வுட் க்யூநாப் பெட்டிகளில் கர்னலுக்கு ஒதுக்கிய ஃபிளாஷ் பார்ட்டிஷன் 2 எம்பிதான். அன்று தாராளம். கர்னல் வருடா வருடம் வளர்ந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் டெபியனின் பொதுக் கர்னல் அதற்குள் அடங்காமல் போனது. அந்த மாடல்கள் டெபியனின் ஆதரவிலிருந்து கழன்றது, வேகம் போதாமல் இல்லை, இந்த 2 எம்பியால்தான்.

வழி இருக்கிறது. தேவையில்லாத டிரைவர்களை நீக்கிச் சொந்தமாகக் கர்னல் கட்டலாம். அல்லது யு-பூட் மாறிகளை மாற்றி, கர்னலை டிஸ்க்கிலிருந்தோ யுஎஸ்பியிலிருந்தோ ஏற்றச் சொல்லலாம். இரண்டாவதுதான் நீடித்த தீர்வு. ஆனால் சீரியல் கன்சோல் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

பெட்டி பிரிக் ஆகிவிட்டது, எழவே மாட்டேன் என்கிறது. குப்பைக்கா?

பொறுங்கள். யு-பூட் உயிரோடு இருந்தால் அது பிரிக்கே இல்லை. டிஎஃப்டிபியில் கர்னல் ஏற்றி எழுந்துவிடலாம். யு-பூட்டே போய்விட்டாலும் கிர்க்வுட், ஆர்மடா சிப்களில் ஒரு வசதி உண்டு. சிப்புக்குள் அழிக்க முடியாத ஒரு பூட்ரோம் இருக்கிறது. அது சீரியல் போர்ட் வழியாகவும் யு-பூட்டை வாங்கிக்கொள்ளும். யு-பூட்டோடு வரும் கேடபிள்யூபூட் என்ற கருவி இதற்குத்தான். ஓட்டிவிட்டுப் பெட்டியை ஆன் செய்தால், சரியான நொடியில் பிடித்துக்கொண்டு மெதுவாக அனுப்பும். மிகப் பழைய சில கிர்க்வுட் பூட்ரோம்களில் இது எடுபடாது. ஓரியனில் இந்த வசதி இல்லை. அங்கே சிப்போடு நேரடியாகப் பேசும் ஜேடாக் இணைப்பு வழிதான், அது தனிப் பொறுமை கேட்கும் வேலை.

அதனால்தான் சொல்கிறேன்: யு-பூட்டைக் காரணமில்லாமல் புதுப்பிக்காதீர்கள். பழையது அசிங்கமாக இருந்தாலும் அது வேலை செய்கிறது.

பழைய ஃபர்ம்வேரில் போட்ட ரெயிட் டிஸ்க்கில் உள்ள தரவு அப்படியே கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்கும். க்யூநாப், சைனாலஜி இரண்டுமே உள்ளே பயன்படுத்துவது லினக்ஸின் சொந்த எம்டி ரெயிட்தான் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை), பல இடங்களில் அதற்கு மேல் இடத்தைப் பங்கிடும் எல்விஎம். சைனாலஜியில் எல்லா டிஸ்க்கிலும் முதலில் ஒரு சிஸ்டம் பார்ட்டிஷன், அடுத்து ஸ்வாப், அதற்கப்புறம்தான் உங்கள் தரவு. முதல் இரண்டைப் பார்த்துவிட்டுத் தரவு எங்கே என்று பதறாதீர்கள். டிஸ்க்குகளைப் பிசியில் மாட்டி, எம்டிஅட்ம் கருவியால் கோர்த்து, முதலில் படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்யுங்கள்.

விதிவிலக்கும் உண்டு. மை புக் லைவில் கர்னலின் பேஜ் (நினைவகத்தைப் பிரிக்கும் துண்டு) அளவு 64 கேபி. தரவுப் பார்ட்டிஷனின் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தையும் 64 கேபி பிளாக்கில் அமைத்திருப்பார்கள். 4 கேபி பேஜ் கொண்ட சாதாரணப் பிசியின் பழைய கர்னல்கள் அதை மவுன்ட் செய்ய மறுத்துவிடும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபார்மட் செய்தவர்கள் இருக்கிறார்கள். கெடவில்லை, கர்னலுக்கு வெளியே ஃபைல் சிஸ்டத்தை ஓட்டும் ஃபியூஸ் வழியாக ஈஎக்ஸ்டி4-ஐப் படிக்கும் கருவிகளைக் கொண்டு தரவை எடுத்துவிடலாம்.

வேகம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

கிகாபிட் கம்பியின் நடைமுறை உச்சம் விநாடிக்கு 110 எம்பி சுமார். கிர்க்வுட் பெட்டி சாம்பாவில் 30 முதல் 60 வரை தரும். அங்கே டிஸ்க் தூங்கிக்கொண்டிருக்கும், பிராசசர்தான் மூச்சு வாங்கும். லினக்ஸுக்கு லினக்ஸ் என்றால் என்எஃப்எஸ் பகிர்வு முறை கொஞ்சம் மேல். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்கை எஸ்எஸ்எச் வழியாக ஓட்டினால் குறியாக்கத்திலேயே பாதி உயிர் போய்விடும். நம்பகமான உள் நெட்வொர்க் என்றால் ஆர்சிங்கின் சொந்த டீமனை (பின்னணியில் ஓடும் நிரலை) ஓட்டுங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யலாமா?

சிப்பைப் பொறுத்தது. ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையின் கணக்குக்கான வன்பொருள் உள்ள ஆர்ம்64 சிப்பில் யோசிக்கவே வேண்டாம். ஆனால் 64 பிட் என்பதாலேயே அது இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ராஸ்பெர்ரி பை 4-இல் இல்லை, பை 5-இல் இருக்கிறது. இல்லாத சிப்களுக்காகவே கூகுள் உருவாக்கிய அடியாண்டம் என்ற முறை லினக்ஸ் 5.0-இலிருந்து கர்னலில் இருக்கிறது. மென்பொருளிலேயே ஏஇஎஸ்ஸைவிட நன்றாக ஓடும், குறியாக்கத்தை அமைக்கும் கிரிப்ட்செட்டப் கருவியில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு பெரிய டிஸ்க் போடலாம்?

2 டிபியைத் தாண்டினால் ஜிபிடி பார்ட்டிஷன் முறை வேண்டும்; பழைய யு-பூட்டுக்கு அதைப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம் என்பதை மட்டும் கவனியுங்கள். 32 பிட் கர்னலில் 4 கேபி பேஜ் என்றால் ஒரு பிளாக் கருவியின் உச்சம் 16 டிபி. ரெயிட்டில் நான்கு பெரிய டிஸ்க்குகளைச் சேர்த்தால் இந்தச் சுவரில் முட்டுவீர்கள்.

அதற்கு முன்பே முட்டுவது வேறு. கரன்ட் போய்வந்த பிறகு 8 டிபி ஈஎக்ஸ்டி4-ஐச் சரிபார்க்க 128 எம்பி ரேம் போதாது. சரிபார்க்கும் கருவியான எஃப்எஸ்சிகே நடுவில் நினைவகம் இல்லை என்று விழுந்துவிடும். ஈ2எஃப்எஸ்சிகே-யின் அமைப்புக் கோப்பில் ஸ்க்ராட்ச் ஃபைல்ஸ் என்ற பகுதியில் ஒரு அடைவைக் காட்டிவிட்டால், ரேமுக்குப் பதில் அங்கே எழுதி வேலையை முடிக்கும். நேரம் ஆகும், ஆனால் முடியும். அவசரம் என்றால் டிஸ்க்கைப் பிசிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

ஃபேன் சுற்றவில்லை, அல்லது விமானம் மாதிரி கத்துகிறது.

சில பெட்டிகளில் ஃபேன், எல்இடி, பொத்தான், பீப் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது பிரதானச் சிப் இல்லை, பக்கத்தில் இருக்கும் ஒரு குட்டி மைக்ரோகன்ட்ரோலர். க்யூநாப்பில் அது இரண்டாவது சீரியல் போர்ட்டில் தொங்குகிறது. க்யூகன்ட்ரோல் என்ற டீமனை நிறுவினால் அதனோடு பேசும். சைனாலஜி கிர்க்வுட் மாடல்களிலும் இப்படித்தான்: அந்தப் போர்ட்டுக்கு ஒரு எழுத்தை அனுப்பினால்தான் பெட்டி உண்மையாகவே அணையும். அது தெரியாதவர்கள், ஷட்டவுன் கொடுத்தும் விளக்கு எரிகிறதே என்று குழம்புவார்கள்.

ராஸ்பெர்ரி பையோடு யுஎஸ்பி டிஸ்க் வைத்தால் போதாதா?

பை 4-இலிருந்து போதும். அதற்கு முந்தையவற்றில் நெட்வொர்க்கும் டிஸ்க்கும் ஒரே யுஎஸ்பி 2.0 குழாயில் மூச்சுத் திணறும். பை 4-இல் கிகாபிட் தனி, யுஎஸ்பி 3.0 தனி. தொல்லை தருவது டிஸ்க்குக்கும் யுஎஸ்பிக்கும் நடுவில் இருக்கும் மாற்றிச் சிப். யுஏஎஸ் என்ற வேகமான யுஎஸ்பி முறையில் சிலது இடையிடையே மாயமாகும். கர்னல் கட்டளை வரியில் அந்தச் சிப்பின் எண்ணைக் கொடுத்து யுஏஎஸ்ஸை அணைத்தால், கொஞ்சம் வேகம் குறைந்தாலும் நிம்மதி கிடைக்கும். 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் வேண்டும், பேச்சே இல்லை. டிஸ்க்கை மாட்டும் சாட்டா இணைப்பு நேரடியாக உள்ள ஓட்ராய்டு எச்சி4 போன்ற போர்டுகள் இந்தத் தலைவலியைத் தாண்டிவிடுகின்றன.

ஓப்பன்மீடியாவால்ட் போடலாமா?

இது டெபியன் மேல் ஓடும், வெப் முகப்பு கொண்ட நாஸ் மென்பொருள். ரேம் 1 ஜிபியோ அதற்கு மேலோ இருந்தால் போடலாம். 128 எம்பி, 256 எம்பி பெட்டிகளில் வெப் முகப்பு எதுவும் வேண்டாம். சாம்பாவின் அமைப்புக் கோப்பு இருபது வரிகூட வராது.

தயாரிப்பாளரே போய்விட்டால்?

ஆர்மடா 388 சிப்பும் பிழைதிருத்தும் ரேமும் வைத்து ஹீலியோஸ்4 என்ற பெட்டியைச் செய்த கோபோல் 2021-இல் கடையை மூடிவிட்டது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் டிவைஸ் ட்ரீ மெயின்லைனில் இருக்கிறது, வழக்கமான டெபியன் கர்னலே ஓடும். மூடிய ஃபர்ம்வேர் மட்டுமே ஓடும் பெட்டி என்றால் அன்றோடு கதை முடிந்திருக்கும்.

பிடிக்கவில்லை என்றால் பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பலாமா?

ஃபிளாஷ் நகல்கள் இருந்தால் திரும்பலாம். எந்தக் கோப்பு எந்தப் பார்ட்டிஷன், எத்தனை பைட் என்று எடுக்கும்போதே பெயரில் எழுதிவையுங்கள். கர்னல், ரூட் பார்ட்டிஷன்களை மட்டும் திரும்ப எழுதினால் போதும், யு-பூட் இருக்கும் பார்ட்டிஷனைத் தொட வேண்டியதில்லை. சில மாடல்களில் ரீசெட் பொத்தானை அழுத்தியபடி ஆன் செய்தால் டிஎஃப்டிபியில் முழு ஃபர்ம்வேரையும் இழுத்துக்கொள்ளும்.

என்னிடம் உதவி கேட்டு வந்த ஒருவர் எல்லாவற்றையும் ஒழுங்காக நகலெடுத்திருந்தார், கோப்பின் பெயர்கூடக் கச்சிதம். வைத்திருந்த இடம், பூட் ஆகாமல் நின்ற அதே பெட்டியின் டிஸ்க். டிஸ்க்கைக் கழற்றிப் பிசியில் மாட்டி எடுத்தோம்.